மூத்தோரிடம் கற்போம்!

எழுத விழையும் இளந்தோழர்களே!

கதைக்கலையை எங்கே கற்பது என்று வினவுகின்றீர்கள். வன்னியிலேயே கற்கலாம். அ. பாலமனோகரன் அவர்களின் 'நிலக்கிளி' 1973ஆம் ஆண்டில் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. தண்ணிமுறிப்பே அதன் களம். காட்டையும் குளத்தையும் வெறும் திரைச்சீலையாக்காது, மாந்தர் வாழ்வோடு பிணைத்தமையே அந்நாவலின் வெற்றி. முள்ளியவளை தந்த முல்லைமணி அவர்களோ பண்டாரவன்னியன் வரலாற்றை நாடகமாக்கினார்.

கூத்துக் களரியில் அண்ணாவியார் பாடுவார்; மாணாக்கர் திருப்பிப் பாடுவர்; அடி பிழைத்தால் அங்கேயே திருத்துவார். எழுத்தும் அவ்வாறே. எழுதியதை மூத்த எழுத்தாளர் முன் வாய்விட்டு வாசியுங்கள். அவர் வெட்டும் சொல்லுக்குக் காரணம் கேளுங்கள். துருசு, அலைகரை, பொலி என்னும் சொற்களை உழவர் வாயிலிருந்தே பெறுங்கள்.

2009ஆம் ஆண்டுப் பேரழிவில் வீடுகளோடு நூல்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. வீட்டை மீளக் கட்டலாம். மூத்தோர் நெஞ்சிலுள்ளதை அவர் மறைந்தபின் எவ்வாறு மீட்பது?

ஆதலால், ஊர்தோறும் வாசிகசாலையில் மாதம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குவோம். மூத்தவர் ஒருவர், இளையவர் ஐவர், ஒரு விளக்கு போதும். மண் இருந்தும் மொழி மறைந்தால், நாம் யார் என்று எவர் சொல்வார்?