மனநலத்துக்கு யாரிடம் போவது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்வலி வந்தால் எந்த டாக்டரிடம் போகலாம் என்று நாலு பேரைக் கேட்கிறோம். வெட்கப்படுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, பரீட்சை என்றாலே கை நடுங்குகிறது, வீட்டில் ஒருவர் யாரோடும் பேசுவதில்லை என்றால் அதை மட்டும் மூடி மறைக்கிறோம். தாங்க முடியாமல் போகிற நாளில், கண்ணில் பட்ட முதல் போர்டைப் பார்த்து உள்ளே நுழைகிறோம். அங்கே சரியான ஆள் இல்லையென்றால் பணம் போவது சின்ன நஷ்டம்தான். "இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க" என்று அவர் மறுபடி எந்தக் கதவையும் தட்டாமல் இருந்துவிடுவாரே, அது பெரிய நஷ்டம். ஆகவே முதல் கதவைப் பார்த்துத் தட்ட வேண்டும்.

முதலில் போர்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மருந்து எழுதுபவர் இவர். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இவருக்கு இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியல் படித்து, ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு கூடிய எம்.ஃபில். போன்ற அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் இவர் வேலை. மாத்திரை எழுத மாட்டார். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தால் அது பிஎச்.டி. பட்டமாக இருக்கலாம். மூன்றாவது, கவுன்சிலர். இவர்களில் நன்றாகப் படித்தவரும் உண்டு, சில வாரச் சான்றிதழோடு கடை திறந்தவரும் உண்டு. என்ன படித்தார், எங்கே, யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் விஷயத்தில் சட்டமே நமக்குத் துணை இருக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். சுருக்கமாக ஆர்.சி.ஐ. என்பார்கள். அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அவர் தொழில் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். ஆர்.சி.ஐ.யின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டு நாமே பார்த்துவிடலாம்.

"சார், உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்னங்க?" என்று போனிலேயே கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒழுங்காகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில். "மூணே சிட்டிங்கில் குணம்" என்று உத்தரவாதம் தருபவர், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், முந்தைய நபரின் கதையை உங்களிடம் சொல்பவர் — இவர்களைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை.

ஊரில் யாரையுமே தெரியாதே என்றால், அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். அங்கிருந்து நல்ல சைக்காலஜிஸ்ட் யார் என்று வழி கிடைக்கும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் "சாகணும் போல இருக்கு" என்று சொன்னால் பட்டம், பதிவு, இன்சூரன்ஸ் எதையும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தனியே விடாமல், அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் மறுநாள்.

அடுத்து பணம். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் தட்டிக் கழித்த வழக்கு ஒன்றில், 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் 'கவர் ஆகும்' என்ற ஒரு சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தரும். வாரம் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வரும் செலவு, ஓ.பி.டி. வசதி இருந்தால்தான் கிடைக்கும். எனவே நாலு கேள்வியை எழுத்து மூலம் கேளுங்கள்: ஓ.பி.டி. உண்டா? சைக்காலஜிஸ்ட் கட்டணம் அதில் சேருமா? ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு எவ்வளவு காலம்? (2024 ஏப்ரலிலிருந்து புதிய பாலிசிகளில் இது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது.) குடிப்பழக்கச் சிகிச்சைக்கு விலக்கு இருக்கிறதா? பில்லில் சிகிச்சை அளித்தவரின் பதிவு எண் இருக்கட்டும். பாலிசி எடுக்கும்போது பழைய சிகிச்சையை மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நண்பர்களே, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் நம்மவர்கள், பதிவு சரிபார்த்த மனநல நிபுணர்கள் இரண்டு பேரின் விவரத்தையாவது சேகரித்துக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி சரிபார்த்து, விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கும் ஒரு பிள்ளை, யாரிடமும் வாய் திறக்காமல், அந்தத் தாளைப் பார்த்து ஒரு நம்பரைக் குறித்துக்கொண்டு போனால் போதும்.