பழைய ஆலையும் மேசை மேல் ரயிலும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாடல் ரயில் என்றதும் எல்லோர் கண்ணும் எஞ்சின் மேல்தான் போகும். ஆனால் வெறும் தண்டவாளத்தில் வட்டமடிக்கும் ரயில் பத்து நிமிடத்தில் குழந்தைகளுக்கே அலுத்துவிடும். ஓரத்தில் ஒரு பஞ்சாலையோ கிடங்கோ வைத்துப் பாருங்கள். ரயிலுக்கு ஒரு வேலை வந்துவிடும்.

அந்தக் கட்டடத்தைக் கற்பனையில் செய்யாமல், பழைய ஆலைகளைப் பார்த்துச் செய்யுங்கள். அவற்றில் காரணமில்லாத பகுதி குறைவு. ரம்பப் பல் போன்ற கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்துப் பக்கம் கண்ணாடி, சரிவுப் பக்கம் ஓடு அல்லது தகரம். நேர் வெயில் தறிமேல் விழாமல், சீரான வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கண்ணாடியை வடக்குப் பார்த்து வைத்தார்கள். சரக்கு மேடை ஏன் சுமார் நான்கடி உயரம்? வேகனின் தளமும் ஏறக்குறைய அதே உயரம். மூட்டையைத் தூக்காமல் தள்ளிவிடலாம்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சிக்கல் இடம்தான். எச்.ஓ. அளவு என்பது 1:87. அந்த அளவில் 200 மீட்டர் நீள ஆலை 2.3 மீட்டர் வரும். ஹாலில் சோபாவை நகர்த்தினாலும் அடங்காது! அதனால் பன்னிரண்டு ரம்பப் பல்லை நான்காகக் குறையுங்கள். ஆனால் கதவைக் குறைக்காதீர்கள். ஏழடிக் கதவு இரண்டரை சென்டிமீட்டர் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பொம்மை மனிதர் உள்ளே நுழைய முடியாது. இடம் இன்னும் குறைவென்றால், முன்சுவரை மட்டும் மூன்று விரற்கடை ஆழத்தில் செய்து வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தலாம்.

ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதியர் இருந்தார்கள். 1959 முதல் நீர்த்தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், ஆலைகள் என்று படமெடுத்தார்கள். பெர்ன்ட் முதலில் வரையத்தான் செய்தார். வரைந்து முடிப்பதற்குள் கட்டடத்தை இடித்துவிடுவார்கள் என்பதால் கேமராவைக் கையில் எடுத்தார். மேகமூட்டமான நாளில், நேர் எதிரே நின்று எடுத்த படங்கள் அவை. நிழல் மறைக்காது, கோணல் இருக்காது. மாடல் செய்பவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அந்த அவசரம் நமக்கும் உண்டு. பெரம்பூர் பின்னி ஆலை 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது; 1996-இல் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள். நம்மைப் போல யாரோ அங்கே குடியிருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அளந்து வைக்காத சுவரைப் பிறகு யாரும் அளக்க முடியாது.

எனவே ஒரு வேண்டுகோள். பழைய ஆலை எதையாவது பார்த்தால், அனுமதி கேட்டு, நேராக நின்று படமெடுங்கள். பத்து வரிசைச் செங்கல்லின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு படத்தில் வரிசைகளை எண்ணினாலே முழுச் சுவரின் உயரமும் கிடைத்துவிடும். அங்கே வேலை பார்த்தவர் யாராவது கிடைத்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். பஞ்சுப் பொதி எந்த வாசலில் இறங்கியது, சங்கு எங்கே இருந்தது என்பதைச் செங்கல் சொல்லாது, அவர்தான் சொல்வார்.

பிள்ளைகளோடு சேர்ந்து அட்டையில் தொடங்குங்கள். கத்தி மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.