அத்தையின் நாடி
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்க்கிறவளாகத்தான் உங்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்கு என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

என் மாமியார் எங்கள் குழுவுக்குப் பல வருஷம் ஊக்குநர். உள்கடன் வட்டியை மனசிலேயே போட்டுச் சொல்லிவிடுவார். ஒருநாள், "நெஞ்சுக்குள்ள கோழி ரெக்கை அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஈசிஜி எடுத்த டாக்டர், இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார். நாலு மாதம் சாப்பிட்டார். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. "படபடப்புதான் இல்லையே, நிறுத்திடுங்க அத்தை" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்போது இந்த வேலைக்கு நான் வரவில்லை. ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்கப்புறம் கூட்டத்தில் ஒருத்தி கட்டிய சேமிப்பை இரண்டு தடவை கேட்டார். வயசாயிடுச்சு என்று சிரித்தோம். வீட்டிலும் அடுப்பில் உலை வைத்ததை மறந்தார். ஒரு வருஷம் கழித்து, கோலம் போடும்போது கை விழுந்து, வாய் கோணிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "இது முதல் தடவை இல்லம்மா. சின்னச் சின்னதா முன்னாடியே அடைச்சிருக்கு" என்று பழைய தழும்புகளைக் காட்டினார். நாங்கள் சிரித்தோமே, அந்த நாட்களின் தழும்பு.

இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டும். இந்த நோயில் அவை சுருங்காமல் நடுங்கும். காய்ச்சிய பாலை ஆற்றிக்கொண்டே இருந்தால் ஆடை கட்டாது, அசையாமல் வைத்தால் கட்டும் அல்லவா? அதுபோல அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. பொடிக்கட்டிகள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது, நினைவுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஸ்வீடனில் இந்த நோய் உள்ள 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளைப் பார்த்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியானது. ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுத்தவர்களுக்கு மறதி நோய் 29 சதவீதம் குறைவாக இருந்தது. மாத்திரை மட்டும்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்கள் மற்றதிலும் கவனமாக இருப்பார்கள். பக்கவாதத்தை அது பெருமளவு தடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஈறில் ரத்தம் வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு அதிகமாகும். சில மாத்திரைக்கு ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை அவ்வப்போது வேண்டும்; அவர்கள் கீரையை விட வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் கை கால் நீவிவிட்டே அதைத் தாண்டிவிட்டோம்.

அத்தை இப்போது என்னைச் சில நாள் தன் தங்கச்சி என்று நினைத்துக்கொள்கிறார். மாத்திரையை நானே கையில் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு, "இந்த மாசச் சேமிப்பு கட்டிட்டியா?" என்று கேட்பார்.

சாப்பாடு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 60 வயசு தாண்டினவங்களைக் கூட்டிட்டு வாங்க. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிஷம் முழுசா நாடி எண்ணக் கற்றுத்தருகிறேன். 60-இலிருந்து 100 வரை சரி. ஆனால் எண்ணிக்கையை விட, தாளம் தப்புதா என்று பார்க்கணும். தப்பினால் ஈசிஜிக்கு நானே கூட வருவேன். வாட்ச் இருக்கிறவங்க கட்டிட்டு வாங்க.