மூச்சின் கணக்கில் வராதவர்கள்



யாருடைய நினைவைப் போற்ற இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பல ஆண்டுகள் இளைப்போடு வாழ்ந்தார். சளி சிரப், ஆன்டிபயாடிக் மாத்திரை, அவ்வப்போது ஒரு ஊசி, மூச்சு முட்டிய இரவுகளில் நெபுலைசர் என்று காலம் போயிற்று. ஸ்பைரோமெட்ரி கருவியில் அவர் முதன்முதலாக ஊதியதே வாழ்வின் கடைசிக் கட்டத்தில்தான் என்று அவருடைய மகளார் சொன்னார். இந்த மேடையில் எதைப் பேசுவது என்ற யோசனை எனக்கு அதோடு தீர்ந்துவிட்டது.

நாள்பட்ட நுரையீரல் நோய்கள் என்றால் ஆஸ்துமா, நுரையீரல் இறுகிப்போகும் ஃபைப்ரோசிஸ், காசநோய் ஆறிய பின்னும் மிஞ்சும் தழும்பு எல்லாமே அதில் அடங்கும். இன்று நான் பெரும்பாலும் பேசப்போவது சி.ஓ.பி.டி. என்று நாம் சொல்லும் நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோயைப் பற்றி. இந்தியாவில் இதய நோய்க்கு அடுத்தபடியாக அதிக உயிர்களைக் கொண்டுபோவது இதுதான் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 1990-இல் 2.8 கோடியாக இருந்த நம் நாட்டு நோயாளிகள் 2016-இல் 5.5 கோடி ஆகியிருந்தார்கள்.

ஸ்பைரோமெட்ரி அறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாற்காலி, கைக்கடக்கமான கருவி, கணினித் திரை, வேறொன்றும் இல்லை. மூக்கில் கிளிப் போட்டுவிட்டு, அட்டைக் குழாயை உதடு பிரியாமல் கவ்வச் சொல்வார்கள். "நல்லா இழுங்கம்மா, இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க! வேகமா! விடாதீங்க, ஊதிக்கிட்டே இருங்க, இன்னும் கொஞ்சம்..." என்று டெக்னீஷியன் கூடவே மூச்சுப்பிடித்துக் கத்துவார். முதல் நொடியில் வெளியேறிய காற்று எவ்வளவு, மொத்தமாக வெளியேறியது எவ்வளவு என்று கருவி குறித்துக்கொள்ளும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டை எட்டவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது. ஊதுகிறவர் பாதியில் நிறுத்தினாலோ, இடையில் இருமினாலோ அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். அவற்றுள் சிறந்த இரண்டும் 150 மில்லிக்கு மேல் வேறுபடக் கூடாது. நுரையீரல் ஆய்வுகளின் நம்பகம் முழுவதும் கடைசியில் அந்த டெக்னீஷியனின் பொறுமையில்தான் நிற்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் வருவதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இந்த அளவீட்டுக்கு 1846-இல் வழிகாட்டியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். மாலுமிகள், காவலர்கள், மல்லர்கள், ஏழைகள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து, உயரம் கூடக்கூட மூச்சின் கொள்ளளவு கூடுவதையும், வயது ஏறும்போது அது குறைவதையும் கண்டார். மொத்தக் காற்றை அவர் அளந்தார். அதில் நேரத்தைச் சேர்த்து, முதல் நொடி என்ற அளவை 1947-இல் கொண்டுவந்தவர் பிரான்சின் டிஃபனோ. வேகத்தையும் சேர்த்து அளக்கும் வரை அடைப்பு நோயைப் பிடிக்க வழி இருக்கவில்லை.

அடுத்து நான் சொல்லவிருக்கும் ஆய்வை இளம் மருத்துவர்கள் ஒருமுறையாவது மூலத்திலேயே படிக்க வேண்டும். மேற்கு லண்டனில் வேலை பார்த்த 792 ஆண்களை 1961 முதல் எட்டு ஆண்டுகள் சார்லஸ் ஃபிளெட்சரும் அவர் குழுவினரும் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊத வைத்தார்கள், சளியை அளந்தார்கள், புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். ரிச்சர்ட் பீட்டோ புள்ளிவிவரத்தைப் பார்த்துக்கொண்டார். ஓயாத சளியும் அடிக்கடி வரும் தொற்றும்தான் மூச்சுக்குழலை அடைக்கின்றன என்று அன்றைய பிரிட்டிஷ் மருத்துவம் நம்பியிருந்தது. எட்டாண்டுக் கணக்கு அதை மறுத்தது. சளி அதிகம் துப்பியவருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவில்லை. சளியே இல்லாத சிலருக்குத் தேய்ந்தது. சளி வேறு, அடைப்பு வேறு. இரண்டுக்கும் புகைதான் காரணமே ஒழிய ஒன்று மற்றொன்றை உண்டாக்கவில்லை. புகையை நிறுத்தியவருக்கு இழந்தது திரும்பவில்லை. ஆனால் தேய்மானத்தின் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு நெருங்கி வந்தது. 1977-இல் வெளியான அந்தக் கட்டுரையின் வரைபடம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அதைப் படித்த நாமும், இருமலோடு வருகிறவருக்கு முதலில் சளி மருந்தைத்தான் எழுதுகிறோம்.

அந்த 792 பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஃபிளெட்சரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவர்கள்தான் பொருத்தமானவர்கள். ஆனால் அந்த அச்சு அப்படியே பின்னால் வந்த மருந்து ஆய்வுகளிலும் பதிந்துவிட்டது. இன்ஹேலர் சிகிச்சைக்கு நாம் ஆதாரமாகக் காட்டும் இரண்டு பெரும் ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். 2007-இல் வந்த டார்ச் ஆய்வில் சுமார் 6,100 பேர்; 2008-இல் வந்த அப்லிஃப்ட் ஆய்வில் ஏறத்தாழ 6,000 பேர். இரண்டிலும் சேர ஒரு நிபந்தனை இருந்தது: நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் பத்தாண்டுக்கு ஈடான சிகரெட்டாவது புகைத்திருக்க வேண்டும்.

நம் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் விறகடுப்பின் முன் உட்கார்ந்தவர். ஜன்னல் இல்லாத சமையலறை, ஈர விறகு, ஊதுகுழல், மடியில் குழந்தை. சுள்ளியும் வறட்டியும் எரித்து நாற்பதாண்டு சமைத்திருக்கிறார். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. இந்த அம்மாவுக்கு அந்த ஆய்வுகளின் வாசற்கதவு திறந்திருக்காது. அடுப்புப் புகையால் வரும் நோய் சிகரெட்டால் வருவதைப் போலவே அமைவதும் இல்லை. சிகரெட் புகைத்தவரிடம் காற்றறைகள் சிதையும் எம்ஃபைசீமா தூக்கலாக இருக்கும். இவரிடம் அது குறைவு, சிறு மூச்சுக்குழல்களின் பாதிப்பு மேலோங்கும். அவருக்கு எழுதும் இன்ஹேலரை வேறு யாரிடமோ சோதித்துப் பார்த்த நம்பிக்கையில்தான் எழுதுகிறோம். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சு முட்டுகிறவருக்கு அதுதான் கைவசம் உள்ள நல்ல மருந்து. ஆனால் அது அவருக்கு எவ்வளவு பயன் தருகிறது என்பதை அவரிடமே அளந்தறியும் கடமை நம்முடையது.

நம் பக்கத்தில் யாரும் அளக்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கம் இல்லாத, முப்பது வயதைக் கடந்த 900 பெண்களைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு 2.4 பேர் அளவில் இந்த நோயைக் கண்டது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் அது கூடுதல். கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஹேப்பின் ஆய்வு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகியவற்றோடு தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நடந்தது. சுமார் 3,200 பெண்கள் சேர்ந்தார்கள். புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்தபடி குழந்தையின் பிறப்பு எடை கூடவில்லை. ஏமாற்றம் தரும் முடிவுதான். அதை மறைக்காமல் வெளியிட்டார்களே, அந்த நேர்மையைப் போற்றுகிறேன். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேய்ந்ததால் நோய் வரவில்லை. இளமையிலேயே அது முழு வளர்ச்சியை எட்டாததால் வந்தது என்று 2015-இல் பீட்டர் லாங்கே குழுவினர் காட்டினார்கள். அப்படியென்றால் அந்தக் குழந்தைகளின் மூச்சை இருபது, முப்பது வயது வரை யாராவது தொடர்ந்து அளக்க வேண்டும்.

அளவுகோல் யாருடையது என்ற சிக்கலும் இருக்கிறது. இவ்வளவு ஊதினால் சரி என்று சொல்ல, நோயற்றவர்கள் எவ்வளவு ஊதுகிறார்கள் என்று தெரிய வேண்டும். அன்றைய மதராசில் நலமாக இருந்த 247 இளவயதினரை அளந்து, விஜயன் குழுவினர் 1990-இல் தோராக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். நம் அளவுகள் ஐரோப்பியர்களுடையதைவிடக் குறைவு. அவர்கள் அளவை நமக்கு வைத்தால் நலமாக இருப்பவரும் நோயாளி ஆவார். நம் அளவையே வைத்துக்கொண்டால், தலைமுறை தலைமுறையாகச் சத்துக்குறைவிலும் புகையிலும் வளர்ந்து சுருங்கிய நுரையீரலை "இயல்பு" என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும். இனவாரியாக அளவைத் திருத்தும் வழக்கத்தை விட்டு எல்லோருக்கும் பொதுவான சூத்திரத்துக்கு வரும்படி 2023-இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் பரிந்துரைத்தது. என் கருத்தைக் கேட்டால், எந்தச் சூத்திரத்தையும் ஒரே ஒரு ஊதலுக்குப் பொருத்தித் தீர்ப்பு எழுதக் கூடாது. அதே ஆளை அடுத்த ஆண்டும் ஊத வைத்து அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்.

ஆக்சிஜன் விஷயத்தில் அளவீடு உயிரைக் காத்ததும் உண்டு, வீண் செலவைத் தடுத்ததும் உண்டு. 1981-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், இரத்தத்தில் ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்த 87 பேர் இருந்தார்கள். நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 19. எடுக்காத 45 பேரில் 30. ஆண்களிடையே முதல் 500 நாள்கள் வரை இரு தரப்புக்கும் வேறுபாடே தெரியவில்லை. பொறுத்திருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. 2016-இல், ஆக்சிஜன் ஓரளவே குறைந்த 738 பேரிடம் லாட் என்ற ஆய்வு அதே சிகிச்சையைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை, மருத்துவமனை வாசமும் குறையவில்லை. நகையை அடகுவைத்து வீட்டில் கான்சன்ட்ரேட்டர் வாங்கிவைத்த குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களில் பலருக்கு அது தேவையில்லை. தேவைப்படும் பலரோ, இரவில் நான்கு மணி நேரம் வைத்துவிட்டு மின்கட்டணத்துக்குப் பயந்து அணைத்துவிடுகிறார்கள்.

பழக்கத்தால் எழுதும் மருந்து என்ன செய்யும் என்பதற்கு ஃபைப்ரோசிஸ் ஒரு சான்று. பல்லாண்டுகளாக உலகெங்கும் கொடுத்துவந்த ஸ்டீராய்டு, அசதயோபிரின், அசிட்டைல்சிஸ்டீன் கூட்டு மருந்தை, பெயரளவு மருந்தோடு ஒப்பிட்ட பாந்தர் ஆய்வு 2012-இல் வெளியானது. மருந்து எடுத்த 77 பேரில் 8 பேரும், எடுக்காத 78 பேரில் ஒருவரும் இறந்திருந்தார்கள். அந்தச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்லெண்ணத்தோடு எழுதிய மருந்துதான் அது.

கருவி காட்டாத ஒன்றையும் அளக்க வேண்டும். அது இளைப்பு. முதல் நொடிக் காற்று ஒரே அளவில் இருக்கும் இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய் வருவார். மற்றவரால் குளித்து முடிக்க முடியாது. அதனால்தான் ஆறு நிமிட நடைச் சோதனை வந்தது: 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில் போய் வரச் சொல்லி, எவ்வளவு தூரம் என்று பார்ப்பது. நமக்குத் தேவை ஒரு நடைக்கூடமும் ஒரு கடிகாரமும் மட்டும். ஸ்ட்ரெச்சரும் கூட்டமும் இல்லாத 30 மீட்டர் நம் அரசு மருத்துவமனைகளில் எங்கே கிடைக்கும் என்பது வேறு கேள்வி. வினாப்படிவங்களும் இருக்கின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று அவை கேட்கும். ஓட்டு வீட்டில் வாழும் அம்மா "இல்லை" என்பார். கோயிலுக்குப் போவதை, தண்ணீர் எடுப்பதை, பேரனைத் தூக்குவதை அவர் எப்போதோ நிறுத்தியிருப்பார். நாம் கேட்டிருக்க மாட்டோம். "போன வருஷம் செஞ்ச எந்த வேலையம்மா இப்ப விட்டுட்டீங்க?" என்று நான் கேட்பது வழக்கம். படிவம் தராத விடை அதில் கிடைக்கும்.

இதெல்லாம் ஏழை நாட்டுக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையே பதில். 1956-இல் சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் தொடங்கிய ஆய்வில் 193 காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேரை மருத்துவமனையிலும் பாதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓயாத வேலை. இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. மாத்திரை எடுத்தார்களா என்று வீடு தேடிப் போய்ச் சிறுநீரைச் சோதித்த ஊழியர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

அந்த ஊரின் மருத்துவர்கள் நாம். ஆகவே அரசிடம் ஒரு வேண்டுகோள்: வீடு தேடிப் போய்ச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் மாநிலம் இது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு ஸ்பைரோமெட்ரி கருவியும் அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்கட்டும். ஆய்வு செய்வோரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் சேர்க்கை நிபந்தனையில் சிகரெட் கணக்கோடு அடுப்புக் கணக்கையும் எழுதுங்கள், பழைய காசநோயாளியைத் தள்ளிவிடாதீர்கள். இளம் மருத்துவர்களே, நாளைக் காலை உங்கள் முன் உட்காரும் நாற்பது வயதைக் கடந்த இருமல்காரரிடம் என்ன சமைக்கிறீர்கள், எதில் சமைக்கிறீர்கள் என்று கேளுங்கள். சளி மருந்துச் சீட்டை எழுதும் முன் அவரை ஒருமுறை ஊத வையுங்கள்.