இயக்கமும் எழுத்தும்: பக்கத்துக் குடிசை தரும் பாடம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா நிகழ்ச்சிகளை முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். சினிமாப் பாட்டுக்கு ஆடினால் போதும் என்கிறார்கள் சிலர். நம் வாழ்க்கையை வைத்து நம் பிள்ளைகளே ஒரு நாடகம் போடட்டும் என்கிறார்கள் வேறு சிலர். "நாடகம் போட்டால் கூலி உயருமா?" என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. பல வருஷங்களுக்கு முன் இரவு ஷிப்டில் என்னோடு இருந்த மராத்தியப் பெரியவர் ஒருவர், மூட்டைகளை எண்ணிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுப்பார். அர்த்தம் கேட்டேன். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் பிழைக்க வந்தவனின் பாட்டு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பாவும் அப்படித்தானே! அம்மாவைத் திருநெல்வேலிச் சீமையில் விட்டுவிட்டுத் தாராவித் தோல் கிடங்கில் கிடந்தார். மாதம் ஒரு மணியார்டர், வருஷம் ஒரு பயணம். அந்தப் பாட்டுக்காகத்தான் மராத்தி படிக்கக் கற்றேன்.

'மாஜி மைனா' என்ற அந்தப் பாட்டை எழுதியவர் அண்ணாபாவ் சாட்டே. 1920-ல் இன்றைய சாங்லி மாவட்டத்து வாடேகாவ் கிராமத்தில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. பஞ்சத்தில் குடும்பத்தோடு கால்நடையாகவே பம்பாய் வந்தார். மில்லில் வேலை செய்தார். நம்மவர்கள் நிறைந்த தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் இருந்தார். பிறகு காட்கோபர் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். 1944-ல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து 'லால் பாவ்டா' என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். அரசாங்கம் இவர்களுடைய தமாஷாவுக்குத் தடை போட்டபோது, வடிவத்தை மாற்றி, 'லோகநாட்டியம்' என்று பெயர் வைத்து மேடையேறினார்கள்.

அந்தப் பாட்டு வெறும் பிரிவுப் பாட்டு அல்ல. 1956 முதல் 1960 வரை நடந்த ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில் மேடைதோறும் ஒலித்த பாட்டு. மனைவியைப் பிரிந்தவனின் துக்கம், மண்ணைப் பிரிந்தவர்களின் துக்கமாக வளர்கிறது. ஒருவனுடைய சொந்தத் துன்பத்தை ஊர்த் துன்பமாக மாற்றியது எது? இயக்கம். அந்த இயக்கத்தைக் குடிசைக்குள் கொண்டுபோனது எது? பாட்டு. இது ஒரு வழிப் பாதை அல்ல, தோழர்களே, இரட்டைத் தண்டவாளம்.

இன்னொரு சான்று. டாக்டர் அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். 1946-ல் சித்தார்த் கல்லூரி திறந்தார். அதுவரை எழுத்து எட்டாத வீடுகளிலிருந்து படித்தவர்கள் வந்தார்கள். 1958-ல் பம்பாயில் தலித் இலக்கிய மாநாடு கூடியது. தொடங்கி வைத்தவர் அண்ணாபாவ். 1963-ல் பாபுராவ் பாகுல் 'நான் சாதியை மறைத்தபோது' என்ற பொருள்படும் தலைப்பில் கதைத் தொகுதி வெளியிட்டார். அந்தத் தலைப்புக் கதையின் நாயகன் ரயில்வே வேலைக்காக வெளியூர் போகிறவன். தங்க இடம் வேண்டிச் சாதியை மறைக்கிறவன். வாடகைக்கு வீடு தேடி அலைந்த நமக்கு அந்தக் கதையை விளக்க வேண்டுமா? வெளியே சொல்ல வெட்கப்பட்டதை ஒருவர் அச்சில் சொல்லிவிட்டார். அதன்பின் வெட்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வி பிறந்தது. 1972-ல் தலித் பாந்தர்கள் அமைப்பு எழுந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான, டாக்சி ஓட்டிய நாம்தேவ் தசாள், அதே ஆண்டில் 'கோல்பிட்டா' கவிதைத் தொகுதியைக் கொண்டுவந்தார்.

மராத்தி இலக்கியம் நமக்கெதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். 1966-க்குப் பிறகு இந்த நகரில் தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கூச்சலை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் அடித்தவன் பேசியதும் மராத்திதான்; ஆண்டாண்டாய் அடிபட்டவன் பாடியதும் மராத்திதான். நாம் யாருடைய மராத்தியைக் கேட்கப் போகிறோம்?

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். நாடகம் போட்டால் கூலி உயராது. பொய் சொல்ல மாட்டேன். 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் 2½ லட்சம் பேர் இறங்கினார்கள். அவர்களிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தோற்றார்கள். மில்கள் நின்ற இடங்களில் இன்று மால்கள் நிற்கின்றன. அங்கே ஒரு தொழிலாளர் உலகம் இருந்தது என்பதற்கு இன்று யார் சாட்சி? தெருவில் கிடந்த குழந்தையாக ஒரு மில் தொழிலாளியால் எடுத்து வளர்க்கப்பட்டு, தானும் மில்லில் உழைத்து, பள்ளியில் பியூனாக இருந்து, ஆசிரியராகவும் உயர்ந்த நாராயண் சுர்வேயின் கவிதை சாட்சி. மில்லை இடிக்கலாம், அதை இடிக்க முடியவில்லை.

தோல் கிடங்குகளில் உழைத்த நம் அப்பன் பாட்டனுக்கு அப்படி எத்தனை சாட்சி இருக்கிறது? தாராவியைப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். சந்துகள் போய்விடும். எழுதி வைக்காவிட்டால் நாமும் போய்விடுவோம்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மைனாவைப் பற்றிப் பாடுகிறவன் ஆண். ஊரில் காத்திருந்த மைனா என்ன நினைத்தாள் என்பது அந்தப் பாட்டில் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். மணியார்டர் வராத மாதம் அடுப்பு எப்படி எரிந்தது, எந்த ரயிலில் எந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதட்டும். அதுவே இந்த ஆண்டு நம் நாடகமாக இருக்கட்டும்.

நடனமும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் ஒரு மணி நேரமாவது நாம் இருக்க வேண்டும். இதுவே என் தீர்மானம். ஆதரித்துக் கை தூக்குமாறு கேட்டு அமர்கிறேன்.