ஷைத்தானை நம்பாத ஷைத்தானியவாதிகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தில், மேற்கு நாடுகளிலுள்ள ஷைத்தானியவாதிகள் குழந்தைகளைப் பலியிட்டு இரத்தம் அருந்துகின்றனர் என நான் கூறினேன். தொழுகை முடிந்ததும் உயர்தர வகுப்பில் கற்கும் ஒரு வாலிபர் என்னிடம் வந்து, “ஹஸ்ரத், இதற்கு ஆதாரம் என்ன?” எனப் பணிவோடு வினவினார். என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. எவரோ சொன்ன செய்தியை ஆராயாமல் மிம்பரில் ஏற்றியிருந்தேன். அதை ஒப்புக்கொள்ளாது அவரைக் கடிந்து அனுப்பினேன். அதன் பின்னர் பல வாரங்கள் அவரை மஸ்ஜிதில் காணவில்லை. அன்று அவருக்கு நான் அளித்திருக்க வேண்டிய விடையே இன்றைய உரையாகும்.

நேயர்களே! நவீன ஷைத்தானியம் என்பது பெரும்பாலும் ஷைத்தானை வணங்கும் மதமன்று. 1966 ஏப்ரல் 30 ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அன்டன் லாவே என்பவர் ‘ஷைத்தானின் சபை’ என்ற அமைப்பை நிறுவினார். 1969 இல் ‘ஷைத்தானிய பைபிள்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் 1997 இல் மரணமடைந்த பின்னரும் அச்சபை இயங்கி வருகின்றது. இறைவனும் இல்லை, ஷைத்தானும் இல்லை என்பதே அவர்களது கொள்கை. அவர்களிடத்தில் ஷைத்தான் என்பது பெருமை, சுதந்திரம், உடல் இன்பம் ஆகியவற்றின் வெறும் குறியீடு மாத்திரமே. மனிதன் தனக்குத் தானே தெய்வம் என்பர். ஆகவே அவர்களது மிகப் பெரிய பெருநாள் அவரவர் பிறந்த நாளாகும். இச்சையைத் துறப்பதை விட அனுபவிப்பதே மேல் என்றும், அன்பு அதற்குத் தகுதியானவருக்கே உரியது என்றும், தீங்கிழைத்தவனைப் பழிவாங்க வேண்டும் என்றும் போதிப்பர். கறுப்பு ஆடை, மெழுகுவர்த்தி, ஆட்டுத் தலை பொறித்த ஐமுனை நட்சத்திரம் என்பவற்றோடு சடங்குகளும் உண்டு. அவற்றை மன உணர்ச்சிகளை வெளிக்கொட்டும் நாடகமாகவே லாவே விளக்கினார். சிறுவருக்குத் தீங்கிழைப்பதை அவர்களது விதிகளே தடுக்கின்றன.

2013 இல் ‘ஷைத்தானியக் கோவில்’ என்ற வேறோர் அமைப்பு அமெரிக்காவில் தோன்றியது. இதன் தலைமையகம் சேலம் நகரில் உள்ளது. இவர்களும் இறைமறுப்பாளர்களே. எனினும் இரக்கம், நீதி, அறிவியல் என்பன பற்றிய ஏழு கோட்பாடுகளை முன்வைக்கின்றனர். ஒக்லஹோமா மாநில அரச வளாகத்தில் பத்துக் கட்டளைகளின் நினைவுக்கல் வைக்கப்பட்டபோது, தமது ஆட்டுத் தலைச் சிலைக்கும் அங்கே இடம் கேட்டனர். அச்சிலை 2015 இல் டெட்ரொய்ட் நகரில் திறந்து வைக்கப்பட்டது. அரசு ஒரு மதத்திற்கு இடமளித்தால் அனைத்திற்கும் அளிக்க வேண்டும் என்பதே அவர்களது வாதம். லாவேயின் சபையோ இவர்களை உண்மையான ஷைத்தானியவாதிகளாக ஏற்பதில்லை.

அன்புப் பெற்றோர்களே! ஆதாரமற்ற பீதி எவ்வளவு கொடியது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். 1983 இல் கலிபோர்னியாவில் ஒரு பாலர் பாடசாலையின் ஆசிரியர்கள் மீது ஷைத்தானியச் சடங்குக் குற்றச்சாட்டுக்களும் சுமத்தப்பட்டன. 1990 வரை வழக்கு நீடித்தது. ஒருவரேனும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் 1993 இல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டனர். மூன்று வாலிபர்கள் மீது பழி விழுந்தது. அவர்கள் அணிந்த கறுப்பு ஆடையும் கேட்ட இசையும்கூட நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசப்பட்டன. ஒருவருக்கு மரண தண்டனையும் ஏனைய இருவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. தாம் நிரபராதிகள் என வலியுறுத்திய வண்ணமே, ஒரு சட்ட ஏற்பாட்டின் கீழ், 18 ஆண்டுகளின் பின்னர் 2011 இல் அவர்கள் வெளியே வந்தனர்.

கொண்டு வரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு சூரா அல்-ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகின்றான். ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு எம்மை அநீதிக்குத் தூண்டலாகாது என சூரா அல்-மாஇதா எச்சரிக்கின்றது. இக்கட்டளைகள் எமக்கு உவப்பற்றவர்கள் விடயத்திலும் பொருந்தும்.

அவ்வாறாயின் இக்கொள்கையில் ஆபத்து இல்லையா? உண்டு. அது கொம்பிலும் கறுப்பு ஆடையிலும் இல்லை, ‘நான்’ என்ற சொல்லில் இருக்கின்றது. இப்லீஸ் இறைவன் இல்லை என மறுத்தவனல்லன். அவன் தன் இரட்சகனோடு உரையாடினான், அவகாசமும் கேட்டான். ஆதமை விடத் தான் சிறந்தவன் என்ற பெருமையே அவனை வீழ்த்தியது. லாவே தனது நூலில் போற்றியதும் அந்தப் பெருமையைத்தான். தனது மனோ இச்சையையே தெய்வமாக்கிக் கொண்டவனைப் பற்றி சூரா அல்-புர்கான் பேசுகின்றது. தொழுகை வரிசையில் நிற்கும் எங்களது உள்ளத்திலும் இந்நோய் இருக்க முடியாதா? பழிவாங்கத் துடிக்கும்போதும், ஏழை உறவினரை இழிவாக நோக்கும்போதும், தவறை ஒப்புக்கொள்ள மறுக்கும்போதும் நாம் யாருடைய பாதையில் நடக்கின்றோம்? அந்த வாலிபரைக் கடிந்துகொண்ட நாளில் எனது நாவில் பேசியதும் பெருமையேதான்.

வாலிபர்களே! நம்பிக்கையின்றி விளையாட்டாகவேனும் இத்தகைய சின்னங்களைச் சூடிக் கொள்வது முஃமினுக்கு அழகன்று. இச்சைக்குக் கட்டுப்பட்டவன் சுதந்திரமானவன் அல்லன். ஒரு மாதம் பகல் முழுதும் பசித்திருக்கப் பழகிய உங்களுக்கு இதனை நீண்டு விளக்கத் தேவையில்லை. சந்தேகம் எழுந்தால் கேளுங்கள், கேட்பது குற்றமன்று.

பெற்றோர்களே! பிள்ளையின் அறையில் ஒரு விசித்திரமான படத்தைக் கண்டால் உடனே கையை ஓங்காதீர்கள். அருகில் அமர்ந்து, அது என்ன, எதற்காகப் பிடித்தது என விசாரியுங்கள். வீட்டில் செவிமடுக்க எவருமில்லாத பிள்ளையே வெளியில் செவிகளைத் தேடுகின்றது.

இறுதியாக, நான் அந்த வாலிபரின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவரது உம்மா தேநீர் தந்தார். அடுத்த ஜும்ஆவில் அவர் முன் வரிசையில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! எங்களது உள்ளங்களைப் பெருமையிலிருந்தும், நாவுகளை அவதூறிலிருந்தும் பாதுகாப்பாயாக! எங்களது பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.