வேண்டாம் என்றால், ஏன் என்றும் சொல்லுங்கள்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் புன்னகையோடு அமர்ந்திருக்கும் நண்பர்களே! ஷிப்டு முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! அவர்களைப் பெற்ற தாய்மார்களே!

'வேலை செய்யும் இடத்தில் நம் சமய நம்பிக்கையைப் பழிப்பவர்களுக்கு ஏற்ற பதில் பொறுத்துப் போவதா? எடுத்துச் சொல்வதா?' இதுதான் தலைப்பு. எடுத்துச் சொல்வதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

இந்த வழக்கைப் பேச வடக்குப்பட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை இந்த மண்ணைத் தோண்டியது. கற்காலக் கருவிகள் கிடைத்தன. தங்க அணிகலன் கிடைத்தது. அதோடு ரோமானியப் பானை ஓடும் கிடைத்தது! ரோம் எங்கே, வடக்குப்பட்டு எங்கே? வேற்று நாட்டுச் சரக்கு அந்தக் காலத்திலேயே இங்கே வந்து இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் ஒரகடத்துக்கு ஜப்பான்காரர் வருகிறார், ஜெர்மன்காரர் வருகிறார். அவர்கள் எந்திரம் வேண்டும், சம்பளம் வேண்டும். பக்கத்து மெஷினில் நிற்கும் நம்ம ஊர்ப் பையனின் நம்பிக்கை கொஞ்சம் புதிதாக இருந்தால் மட்டும் நமக்கு உறுத்துகிறது. இது என்ன நியாயம்? (கைதட்டல்)

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் பெயரும் சொல்ல மாட்டேன், கம்பெனி பெயரும் சொல்ல மாட்டேன். நான் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் நாளைக்குக் காலை ஷிப்டுக்குப் போக வேண்டும்!

அவன் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். மோர்மன் என்று உலகம் சொல்கிறதே, அந்தச் சபை. 1830-இல் அமெரிக்காவில் தோன்றியது. இந்தியா முழுவதும் சேர்த்தாலும் இருபதாயிரம் பேர் தேறமாட்டார்கள். அந்தச் சபையில் ஒரு கட்டுப்பாடு: மது கூடாது, புகையிலை கூடாது, காபி கூடாது, டீயும் கூடாது. முதல் இரண்டைக் கேட்டதும் தாய்மார்கள் தலையாட்டினீர்கள். டீ என்றதும் நிறுத்திவிட்டீர்களே! (சிரிப்பு)

அங்கேதான் வினையே. லைனில் மூத்த ஆபரேட்டர் ஒருவர். புதுப்பையன் வந்திருக்கிறானே என்று முதல் நாளே தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார். இவன் "வேண்டாம்ணே" என்றான். அடுத்த நாளும் கொடுத்தார். "வேண்டாம்ணே." மூன்றாம் நாளும் அதே பதில். நாலாம் நாள் அவர் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் 'டாலர்' என்று பட்டப்பெயர். "மதம் மாற எவ்வளவுடா குடுத்தான்?" என்று ஒருவன். "உங்காளுங்களுக்கு எத்தனை பொண்டாட்டி?" என்று இன்னொருவன். வேறு சபைக் கிறிஸ்தவராவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "நீயெல்லாம் கிறிஸ்தவனே இல்லை" என்று அவர் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்றான். "தொரை வரமாட்டாரு" என்றார்கள். சாப்பாட்டு மேஜையில் இவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

ஒருநாள் இரவு எனக்குப் போன் செய்தான். "ஐயா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான். அக்கா கல்யாணக் கடன் பாதி பாக்கி இருக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுத்துப் போப்பா. வள்ளுவர் பொறையுடைமை என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். நல்லபடியாக நடந்து காட்டு, தானாகப் புரிந்துகொள்வார்கள்" என்றேன்.

நடுவர் அவர்களே! எதிரணி இவ்வளவு நேரம் சொன்னதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: அந்த அறிவுரை வேலை செய்யவில்லை! (கைதட்டல்)

ஏன் செய்யவில்லை? இரண்டு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. பொறுக்க முடியாமல் அவனே ஒருநாள் அந்த மூத்தவரிடம் போய், "அண்ணே, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டுவிட்டான். அவர் சொன்னார்: "எங்க ஊர்ல டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ் வெச்சிருந்தாங்கடா. அதைப் பார்த்து வளந்தவன் நான். மூணு நாள் என் கையால குடுத்தேன். மூணு நாளும் நீ வாங்கல. நீ எந்தச் சாதின்னு நான் கேக்கல. நீ என்னைக் கேட்டுட்டியோன்னு நெனச்சேன்."

இப்போது சொல்லுங்கள். அவன் நல்லபடியாகத்தானே நடந்துகொண்டான்? ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் நடத்தைக்கு நாக்கு இல்லை, ஐயா! பார்க்கிறவர் தன் காயத்தை வைத்துத்தான் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறார். அமெரிக்காவில் ஒருவன் டீ வேண்டாம் என்றால் அது வெறும் டீ. தமிழ்நாட்டில் ஒருவர் கையிலிருந்து டீ வாங்க மறுத்தால் அதற்குப் பின்னால் நூறாண்டு வலி நிற்கிறது. அந்த வலி தெரியாமல் பொறுமையாக இருந்து என்ன பயன்?

அன்றைக்குத்தான் பையன் வாயைத் திறந்தான். "அண்ணே, எங்கம்மா குடுத்தாலும் டீ குடிக்க மாட்டேன். எங்க சபைக் கட்டுப்பாடு அது" என்றான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்க சபையிலயாவது ஆளைப் பார்த்து ஒதுக்கற பழக்கம் இல்லாம இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் சொல்லவில்லை. "இருந்துச்சுண்ணே. கறுப்பினத்தவருக்குக் குருப்பட்டம் குடுக்காம ரொம்ப காலம் வெச்சிருந்தாங்க. 1978-லதான் அதை எடுத்தாங்க" என்றான். தன் பக்கத்துக் குறையை ஒப்புக்கொள்கிறவன் சொல்லும் மற்றதையும் ஊர் நம்பும். எடுத்துச் சொல்வது என்றால் இதுதான். தற்பெருமை பேசுவதை நான் சொல்லவில்லை.

"எத்தனை பொண்டாட்டி?" என்றானே, அவனுக்கும் பதில் உண்டு. ஆரம்ப காலத்தில் அந்தச் சபையில் பலதார மணம் இருந்தது உண்மை. 1890-இல் அதைக் கைவிடுவதாகத் தலைமை அறிவித்தது. இன்றைக்கு இரண்டாவது கட்டினால் சபையை விட்டே நீக்குவார்கள். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்டவன் வாய் அடைத்துப் போகும். சொல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பான்!

எதிரணித் தலைவர் சொன்னார், பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர் துன்பம் வந்தபோது வெள்ளாடை உடுத்தி அமைதியாக மேல்கோட்டைக்குப் போனார் என்று. ஒப்புக்கொள்கிறேன், குருபரம்பரைக் கதை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே கதைதான், அவர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாரும் கேட்கச் சொன்னார் என்றும் சொல்கிறது. பாதி ராமாநுஜரை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் எப்படி? (சிரிப்பு, கைதட்டல்)

பேசாமல் விட்ட பகை எங்கே போய் நிற்கும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1838 அக்டோபர் 27-ஆம் தேதி, அமெரிக்காவில் மிசௌரி மாநில ஆளுநர் ஓர் ஆணை போட்டார். மோர்மன்களை ஒழிக்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும் என்று! அந்த ஆணையை முறைப்படி நீக்கியது எப்போது? 1976-இல். 138 ஆண்டுகள்! அக்கம்பக்கத்துச் சந்தேகம் ஆயுதம் எடுத்தால் அதைத் துடைக்க ஐந்து தலைமுறை வேண்டியிருக்கிறது. அந்தச் சபையின் ரிச்சர்டு பாலன்டைன் 1853-இல் நம் சென்னைக்கே வந்தார். வந்தவர் மூலையில் உட்காரவில்லை. 1854-இல் தங்கள் கொள்கையைச் சொல்ல இங்கேயே ஒரு பத்திரிகை அச்சிட்டார். ஏற்பதும் மறுப்பதும் ஊர் விருப்பம். ஆனால் 'நான் இன்னார்' என்று அவர் சொன்னார் அல்லவா?

அதற்காகக் கன்வேயர் ஓடும்போது பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை. விளக்குவது வேறு, விற்பது வேறு. கேட்டால் இரண்டு வாக்கியம். அதற்குமேல் கேட்டால் இன்னும் இரண்டு. விளக்கிய பிறகும் டிபன் பாக்ஸைத் தட்டிவிடுகிறான், மிரட்டுகிறான் என்றால், தேதி போட்டு எழுதி மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மனச்சாட்சிப்படி ஒரு சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு எல்லாருக்கும் தந்திருக்கிறது. அதுவும் எடுத்துச் சொல்வதுதான்.

பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையில் வருகிறது. புகார் நகரத்தில் விழா அறிவிக்கிறவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறிப் பேசச் சொல்கிறான். கூடவே, பகைவரிடத்தும் கலகம் செய்யாமல் விலகுங்கள் என்கிறான். எதிரணி அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம்! அவன் விலகச் சொன்னது கலகத்தை. பேச்சுக்குத்தான் மேடையே போட்டுக் கொடுத்துவிட்டானே! (பலத்த கைதட்டல்)

பையன் வேலையை விடவில்லை. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று கதை விடமாட்டேன். இரண்டு பேர் இன்றைக்கும் அவனோடு பேசுவதில்லை. ஆனால் மறுநாள் இடைவேளையில் அந்த மூத்தவர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் சுக்குமல்லி கொண்டுவந்தார். "இதுல காபித்தூளும் இல்ல, டீத்தூளும் இல்ல. இப்பவாவது குடிப்பியாடா?" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

பொறுத்துப் போயிருந்தால் அந்த மூத்தவரின் மனக்காயம் அவரோடேயே போயிருக்கும், நடுவர் அவர்களே. ஆகவே, எடுத்துச் சொல்வதே சரியான பதில் என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.